அச்சுக்கூடமும் அடுப்பங்கரையும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று மாலை நான் பேசப்போகும் பொருளைத் தலைவர் அறிவித்ததும், முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் தோழர்கள் சிலரின் முகத்திலே புன்னகை ஒன்று அரும்பியதைக் கண்டேன். அதன் பொருளும் எனக்குப் புரிந்தது. விலைவாசி ஏறுகிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வீட்டுக்கு வீடு நிற்கிறது, பேச எவ்வளவோ இருக்க, மகளிர் இதழ்களைப் பற்றியா பேச்சு? குழம்புக் குறிப்பும் கோலப் போட்டியும் அரசியல் மேடைக்கு எப்போது வந்தன? இதுதானே அந்தப் புன்னகை கேட்ட கேள்வி!

கேட்கட்டும். நானும் ஒன்று கேட்கிறேன். நமது துண்டறிக்கை எதுவரை செல்கிறது? தெருமுனை வரை. நமது நாளேடு எதுவரை செல்கிறது? தேநீர்க் கடை பெஞ்சு வரை, முடிதிருத்தும் நிலையத்து முக்காலி வரை, மிஞ்சினால் வீட்டுத் திண்ணை வரை. திண்ணைக்கு அப்பால், கூடத்தைக் கடந்து, அடுக்களை வாயிற்படி தாண்டி, கொதிக்கும் உலைக்குப் பக்கத்திலே சென்று அமர்ந்துகொள்கிற தாள் எது? நாம் ஏறிட்டும் பாராத அந்த மகளிர் இதழ்தான். நாம் போய்ச் சேராத இடத்திலே அது நாள்தோறும் கூட்டம் போடுகிறது! ஒலிபெருக்கி இல்லை, கொடி இல்லை, தோரணம் இல்லை. அரசியல் என்ற சொல்லே அதிலே இல்லை. ஆனால் கணவன் யார், மனைவி யார், மாமியார் யார், யார் எவருக்கு அடங்க வேண்டும், யார் உண்ட பின் யார் உண்ண வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானங்களாக நிறைவேறுகின்றன. எதிர்த்து வாக்களிக்க ஒருவருக்கும் அங்கே இடமில்லை.

ஆகவே, நகைப்பதை ஒத்திவைத்துவிட்டுச் சற்றே செவிசாயுங்கள். நான் கூறப்போவது ஒரே ஓர் இதழின் வரலாறு. அந்த இதழ் தமிழ்நாட்டிலே பிறந்ததன்று, அமெரிக்காவிலே பிறந்தது. அவ்வளவு தொலைவு ஏன் போகவேண்டும் என்பீர்கள். காரணம் இருக்கிறது. பெண்ணுக்கு அறிவுரை வழங்குவதைப் பெருந்தொழிலாக்கிக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். அதுமட்டுமல்ல. யார் எழுதினார், யார் பணம் கொடுத்தார், யார் எதிர்த்து நின்றார் என்ற விவரமெல்லாம் அங்கே ஏட்டிலே பதிந்து கிடக்கிறது. புரட்டிப் பார்க்கலாம், பொய் என்று தள்ள முடியாது.

அந்த இதழின் பெயர் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்'. மாதரின் இல்ல இதழ் என்று நாம் கூறிக்கொள்ளலாம். 1883-ஆம் ஆண்டு, ஃபிலடெல்ஃபியா நகரிலே தொடங்கிற்று. சைரஸ் கர்ட்டிஸ் என்பவர் உழவர்களுக்காக நடத்திய ஏட்டிலே பெண்டிர்க்கென ஒரு பகுதி இருந்தது. அதனைத் தொகுத்து வந்தவர் அவருடைய துணைவி லூயிசா நாப். அந்தப் பகுதிதான் தனி இதழாயிற்று. அம்மையார்தான் முதல் ஆசிரியர். பெண்ணின் கையிலே பிறந்த இதழ்! ஆறே ஆண்டுகள். 1889-இலே ஆசிரியர் நாற்காலியில் வந்து அமர்ந்தவர் எட்வர்டு பாக் என்னும் 26 வயது இளைஞர். அதன் பிறகு, 1919 வரை, முப்பது ஆண்டுகள் அவரே.

அந்த இளைஞர் செய்த முதல் வேலைகளில் ஒன்றைக் கேளுங்கள். கன்னியருக்கு அறிவுரை கூறும் பகுதி ஒன்று தொடங்க எண்ணினார். ஒரு தாயின் பரிவோடு எழுதக்கூடிய அம்மையார் வேண்டும். தேடினார், உடனே கிடைக்கவில்லை. என்ன செய்தார்? 'ரூத் ஆஷ்மோர்' என்று ஒரு பெண் பெயரைச் சூட்டிக்கொண்டு, அவரே எழுதிவிட்டார்! மணமாகாத வாலிபர், ஆயிரக்கணக்கான கன்னியருக்குத் தாயாகிவிட்டார்! நம் ஊர்த் தெருக்கூத்திலே ஆண்மகன் பெண் வேடம் கட்டுவதுண்டு. ஆனால் பார்ப்பவனுக்கு அது வேடம் என்று தெரியும். இங்கே தெரியாது. அந்த 'அம்மையாரை' நம்பிப் பெண்கள் மடல்மேல் மடல் எழுதினர்; தாயிடம் சொல்லாததையும் எழுதினர். அவற்றைப் படித்த இளைஞர் வெலவெலத்துப் போனார். இது நமக்கு ஆகாத வேலை என்று, எழுத்துத் திறம் வாய்ந்த பெண்மணி ஒருவரிடம் அந்தப் பெயரையும் பகுதியையும் ஒப்படைத்துவிட்டார். நானாகக் கட்டிய கதை அன்று. 1920-இலே வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்றிலே, பாக் தாமே பெருமையோடு எழுதி வைத்திருப்பது.

பாக் தீயவர் என்று நான் கூற வரவில்லை. போலி மருந்து வணிகர்களின் விளம்பரப் பணம் வேண்டாமென்று 1892-இலேயே கதவடைத்தார் அவர். பால்வினை நோய் பற்றி வாய்திறப்பதே பாவம் என்றிருந்த நாளிலே, 1906-இலே, அதுகுறித்துத் துணிந்து எழுதினார், வாசகர் பலரை இழந்தார், கவலைப்படவில்லை. ஆனால், பெண்ணுக்கு வாக்குரிமை என்றால் மட்டும் அந்தத் துணிவாளருக்கு நடுக்கம் வந்துவிடும்! 1905 அக்டோபர் இதழிலே, நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்டை அழைத்து, பெண்கள் வாக்குரிமை பெறுவது அறிவுடைமை ஆகாது என்று எழுத வைத்தார். ஆணுக்கு இன்ன இடம், பெண்ணுக்கு இன்ன இடம் என்று மனிதரினும் மேலானதோர் அறிவு வகுத்துவிட்டதாம்! எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? நம் நாட்டிலே மனுவின் பெயரால் சொன்னார்கள். அங்கே அதே சரக்கைத் திங்கள் இதழிலே, தொப்பிப் படத்துக்கும் தையல் மாதிரிக்கும் இடையிலே வைத்துக் கொடுத்தார்கள். அந்த இதழ் அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே பத்து இலட்சம் சந்தாதாரரை எட்டிவிட்டது. அமெரிக்க இதழ் எதுவும் அதற்கு முன் எட்டாத எண்ணிக்கை அது.

பெண்கள் அந்தக் கட்டுரையைப் படித்தார்கள், தையல் மாதிரியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள், வாக்குரிமைக்காகவும் போராடினார்கள். 1920-இலே வென்றார்கள். இதழ் சொன்னதையெல்லாம் பெண்கள் நம்பிவிட்டார்கள் என்று எண்ணுவது அவர்களை இழிவுபடுத்துவதாகும். அந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

அடுத்த காட்சி, இரண்டாம் உலகப் போர். ஆடவர் போர்முனை சென்றுவிட்டனர். ஆலைகளிலே ஆள் இல்லை. வானூர்தி செய்ய வேண்டும், வெடிகுண்டு செய்ய வேண்டும். உடனே அமெரிக்க அரசின் போர்ச் செய்தி அலுவலகம், இதழாசிரியர்களுக்கென்றே வழிகாட்டி ஏடு ஒன்றை அச்சிட்டு அனுப்பிற்று: பெண்கள் வேலைக்கு வரும்படி எழுதுங்கள்! 1943 செப்டம்பரிலே, இதழ்கள் பலவற்றின் அட்டைகளிலே, சொல்லி வைத்தாற்போல், வேலை செய்யும் பெண்ணின் படம்! கதைகளிலே வேலைக்குப் போகும் தலைவி! பெண்ணின் இடம் வீடுதான் என்று மேலான அறிவு வகுத்த அந்த ஏற்பாடு என்னவாயிற்று? போர் முடியும்வரை விடுமுறையிலே போயிற்று போலும்!

போர் முடிந்தது, ஆடவர் திரும்பினர். விடுமுறையும் முடிந்தது. அட்டையிலிருந்த பெண் சுத்தியலைக் கீழே வைத்தாள், கையிலே அகப்பை! நேற்று வரை நாட்டைக் காக்கும் வீராங்கனை, இன்று வீட்டை மறந்தால் குழந்தையைக் கெடுக்கும் பாதகி! அவளா மாறினாள்? ஆலை முதலாளிக்கு வேண்டிய போது வெளியே வா என்றார்கள். வேண்டாதபோது உள்ளே போ என்றார்கள். இரண்டுக்கும் அதே தாள், அதே மை, அதே வண்ணம்.

உள்ளே போய்விட்டாளா என்றால், அதுவும் இல்லை. 1950-இலே, வேலை செய்யும் வயதுடைய அமெரிக்கப் பெண்களிலே நூற்றுக்கு 34 பேர் வெளியே உழைத்துக்கொண்டுதான் இருந்தனர். 1960-இலே அது 38-ஐ நெருங்கிற்று. அலுவலகத்திலே தட்டச்சு, ஆலையிலே தறி, பிறர் வீட்டிலே பாத்திரம். கறுப்பினப் பெண்களிலே பலர், அந்த இதழ்கள் படம்பிடித்துக் காட்டிய பளபளக்கும் சமையலறைகளைத் துடைத்து வைத்தவர்கள். துடைக்கப்பட்ட சமையலறை படத்திலே வந்தது. துடைத்த கை வரவில்லை.

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். 1953-ஆம் ஆண்டு. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஒரு புதிய பகுதியைத் தொடங்கிற்று. அதன் தலைப்பைத் தமிழிலே சொல்வதானால், 'இந்த மணவாழ்வைக் காப்பாற்ற இயலுமா?' மகளிர் இதழ் உலகிலேயே இதைப்போல் விரும்பிப் படிக்கப்பட்ட பகுதி வேறில்லை என்று இதழே விளம்பரம் செய்துகொண்டது. அதன் அமைப்பைப் பாருங்கள். முதலில் மனைவி பேசுவாள். அடுத்துக் கணவன் பேசுவான். மூன்றாவதாக ஆலோசகர் பேசுவார்; தீர்ப்பளிப்பார். உண்மைக் குடும்பங்கள், பெயர் மட்டும் மாற்றப்பட்டவை.

முறையான நீதிமன்றம் போலத் தோன்றுகிறதல்லவா! முறையீடு, மறுமொழி, தீர்ப்பு. ஆனால் இந்த மன்றத்திலே ஒரு விந்தை. வழக்குத் தொடுத்தவள் எவளோ, அவளே முடிவில் குற்றவாளியாகிவிடுவாள்! விளக்குவதற்காக நானே ஒரு வழக்கைக் கற்பித்துச் சொல்கிறேன். மனைவி கூறுகிறாள்: "மாலையிலே வீடு வருகிறார், செய்தித்தாளை விரிக்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை, நான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியவில்லை." கணவன் கூறுகிறான்: "அலுத்துப்போய் வருகிறேன், இவள் தொணதொணக்கிறாள்." ஆலோசகர் கூறுகிறார்: "அம்மணி, அவர் வரும் நேரத்தில் நல்லாடை உடுத்தி, முகம் திருத்தி, அவர் அலுவல் பற்றி இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தீர்களா?" வழக்கு முடிந்தது! மணவாழ்வு காப்பாற்றப்பட்டது! முதல் பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்தவற்றிலே மிகப் பலவற்றின் போக்கு இதுதான். கணவன் கைநீட்டிய வீடுகளிலேகூட, அவன் கைநீட்டும்படி அவள் என்ன செய்தாள் என்று தேடிய ஆலோசனைகள் அதிலே உண்டு.

தலைப்பையே மீண்டும் எண்ணிப் பாருங்கள். காப்பாற்றப்பட வேண்டியது மணவாழ்வு. அவள் அல்ல. அவனும் அல்லதான். இருவரையும் கட்டிய கயிறு!

தீர்ப்பளித்த அந்த ஆலோசகர்கள் யார் என்று தேடினால், நண்பர்களே, நெஞ்சு திடுக்கிடுகிறது. வழக்குகள் எல்லாம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே 1930-இலே தொடங்கப்பட்ட குடும்ப உறவு நிலையம் ஒன்றின் கோப்புகளிலிருந்து வந்தவை. அந்த நிலையத்தை நிறுவியவர் பால் பொப்பனோ. அவர் மருத்துவரும் அல்லர். உளநூல் கற்றுத் தேறியவரும் அல்லர். 'டாக்டர்' என்ற பட்டம் ஒரு கல்லூரி மதிப்புக்காக வழங்கியது. அவருடைய பழைய தொழில் என்ன? 'இன மேம்பாடு'. தகுதியுள்ளோர் பெருக வேண்டும், தகுதியற்றோர் பிள்ளை பெறக்கூடாது என்னும் கொள்கையைப் பரப்பியவர். மனநோயாளர் என்றும் அறிவு வளர்ச்சி குன்றியோர் என்றும் முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்த கலிஃபோர்னியா மாநிலத்தின் திட்டத்தைப் புகழ்ந்து, 1929-இலே நூல் எழுதியவர்களில் ஒருவர். அந்த நூல் ஜெர்மன் மொழியிலே பெயர்க்கப்பட்டது. இட்லர் ஆட்சி 1933-இலே கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டு வந்தபோது, பாராட்டி எழுதினார் பொப்பனோ. கலிஃபோர்னியாவிலே மட்டும், 1909 முதல் 1979 வரை, ஏறத்தாழ 20,000 பேர் மீது அந்தச் சட்டம் பாய்ந்திருக்கிறது.

இப்போது இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுங்கள். ஏழை, நோயாளி, நிறத்தார், இவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும். அது மருத்துவமனை மேசையிலே நடந்தது. நல்ல குலத்து வெள்ளையர் குடும்பங்கள் முறியாமல் இருந்து பிள்ளை பெற வேண்டும். அது ஆலோசனை நிலையத்திலே நடந்தது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே திட்டத்தின் இரண்டு கைகள்! அந்த இரண்டாவது கையைத்தான் மகளிர் இதழ், வளையல் அணிவித்து, மருதாணி பூசி, வாசகியின் தோள்மீது அன்பாக வைத்தது. அடுக்களையிலே அமர்ந்து கண்ணீரோடு அந்தப் பக்கத்தைப் படித்த அமெரிக்கப் பெண்ணுக்கு, இந்த வரலாறு தெரிந்திருக்க வழியில்லை. யார் சொல்லியிருப்பார்கள்?

தொழிற்சங்கத் தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொன்னால் உடனே விளங்கும். ஓர் ஆலையிலே ஆயிரம் தொழிலாளர். கூலி போதவில்லை. ஒவ்வொருவனும் தனித்தனியே முதலாளி நடத்தும் ஏட்டுக்கு மடல் எழுதுகிறான். ஏடு ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே விடை தருகிறது: "நண்பரே, சிக்கனமாக வாழக் கற்றுக்கொள்ளுங்கள், மேலாளரைக் கண்டால் புன்னகை புரியுங்கள், உங்கள் மனப்பான்மையிலேதான் கோளாறு." ஆயிரம் மடல், ஆயிரம் விடை. ஒருவன் மடல் மற்றவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், அது அவன் கதை, இது என் கதை என்று இருந்துவிடுவான். அந்த ஆலையிலே சங்கம் எப்போது தோன்றும்? ஆயிரம் பேருக்கும் ஒரே குறை என்று கண்டுகொள்ளும் நாளிலேதான் தோன்றும்! அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஏட்டின் பணி.

மகளிர் இதழின் மடல் பகுதியும் அதுவே. "கணவர் என் சம்பளத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்", "மாமியார் என்னை வேலைக்குப் போக விடவில்லை" என்று, நம் வீட்டுக் கூடத்திலே கிடக்கும் இதழுக்கும் மடல்கள் வருகின்றன. பெயர் இராது, ஊர் மட்டும் இருக்கும். விடையும் வருகிறது: அனுசரித்துப் போங்கள், பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், விட்டுக்கொடுத்தவர் கெட்டுப் போனதில்லை. நல்ல விடைகளும் வருகின்றன; சட்ட விளக்கம் தரும் இதழ்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நம்மிடையே ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 1929-இலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சொத்தில்லாத பெண்ணொருத்தி ஏதாவது ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருந்தால், அண்ணன் தம்பியோடு பகை வேண்டாம் என்றுதான் விடை வந்திருக்கும். மாநாட்டிலே எழுந்ததால்தான் அது கோரிக்கையாயிற்று. அறுபது ஆண்டு கழித்து, 1989-இலே தமிழ்நாட்டின் சட்டமாயிற்று. சென்னைக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் இடையே கடல் இருக்கிறது. மடலுக்கும் மாநாட்டுக்கும் இடையே அதைவிடப் பெரிய கடல்!

சரி, அந்த இதழ்கள் ஏன் அப்படி எழுதின? ஆசிரியர்கள் கொடியவர்களா? அல்லர். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். வண்ண அட்டை, வழவழத் தாள், நூற்றுக்கணக்கான பக்கம். அதனை அச்சிடும் செலவிலே வாசகி தரும் காசு ஒரு சிறு பங்கு. மீதி எங்கிருந்து வந்தது? சவர்க்காரம் விற்பவனிடமிருந்து, மாவு விற்பவனிடமிருந்து, குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் பொறியும் விற்பவனிடமிருந்து. இதழை வாசகிக்கு விற்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். வாசகியைத்தான் விற்றார்கள், விளம்பரக்காரனுக்கு! இல்லத்தரசி நிறைவோடு வாழ்ந்தால் அவன் சரக்கு விற்காது. வீட்டை வெறுத்து வெளியேறினாலும் விற்காது. வீட்டிலேயே இருக்க வேண்டும், ஆனால் ஏதோ குறை தன்னிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்திலே குறை, மேனியிலே குறை, சமையலிலே குறை, தாம்பத்தியத்திலே குறை. குறையை முன்பக்கம் கட்டுரை சொல்லும். மருந்தை எதிர்ப்பக்கம் விளம்பரம் விற்கும்.

இந்த வலையை உள்ளிருந்தே கண்டு சொன்னவர் ஒருவர். பெட்டி ஃப்ரீடன். அந்த இதழ்களுக்கே கட்டுரை எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். 1957-இலே, கல்லூரியிலே தம்மோடு 1942-இலே பட்டம் பெற்ற தோழியரிடம் வினாக்கள் அனுப்பி விடை பெற்றார். நல்ல வீடு, நல்ல கணவன், பிள்ளைகள். ஆயினும் உள்ளே ஏதோ ஒரு வெறுமை, பெயர் சொல்லத் தெரியாத நோவு. அதனைக் கட்டுரையாக்கி இதழ்களுக்கு அனுப்பினார். ஒன்று மறுத்தது. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' வாங்கி, அவர் சொன்னதற்கு நேர்மாறாகத் திருத்தி எழுதிற்று. அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். மூன்றாவதும் மறுத்தது. இதழ்களிலே இடமில்லாதது நூலாயிற்று, 1963-இலே வெளிவந்தது, பல இலட்சம் படிகள் விற்றது. 1939-ஆம் ஆண்டு இதழ்க் கதைகளிலே வேலையும் வேட்கையும் கொண்ட தலைவிகள் நடமாடினர், 1950-களின் கதைகளிலே இல்லத்தரசியன்றி எவளும் இல்லை என்று பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார்.

ஆனால் அந்த அம்மையாரைப் பற்றி இன்னொன்றும் கூறியாக வேண்டும். அவர் மின்பொறித் தொழிலாளர் சங்கத்தின் ஏட்டிலே பணியாற்றியவர். 1952-இலே, பெண் தொழிலாளரின் கூலிக்காகச் சங்கம் நடத்தும் போராட்டம் பற்றிச் சிறு நூல் எழுதியவர். தறியிலும் பட்டறையிலும் நிற்கும் பெண்ணை நன்கறிந்தவர். அப்படிப்பட்டவர் எழுதிய பெருநூலிலே அந்தப் பெண்ணைக் காணோம்! பளபளக்கும் சமையலறையின் தலைவி இருக்கிறாள்; அதைத் துடைக்க வந்தவள் இல்லை. பெல் ஹூக்ஸ் என்னும் கறுப்பின எழுத்தாளர் 1984-இலே இதைத்தான் இடித்துக் கேட்டார். நியாயமான கேள்வி. இதழின் கண்ணாடியை உடைத்தவருக்கும், அந்தக் கண்ணாடியிலே தெரிந்த முகம் மட்டுமே கண்ணில் பட்டது.

இடையிலே 1965-இலே, 'காஸ்மோபாலிட்டன்' இதழுக்கு ஹெலன் கர்லி பிரவுன் ஆசிரியரானார். அங்கே பெண் வீட்டிலே இல்லை. அலுவலகம் போகிறாள், சம்பளம் வாங்குகிறாள், மணமாகாமலே இன்பம் துய்க்கிறாள். பழமைவாதிகள் பதறினர். ஆயின், ஏட்டைப் புரட்டினால், எந்தப் பக்கம் திறந்தாலும் ஓர் ஆடவனைக் கவர்வதெப்படி, கவர்ந்தவனைக் காப்பதெப்படி! மனைவிக்குச் சொன்ன பாடத்தையே காதலிக்குச் சொன்னார்கள். கூண்டு பெரிதாயிற்று, ஜன்னல் வைத்தார்கள், அதை இல்லை என்று நான் கூறமாட்டேன்.

இனி, 1970 மார்ச் 18, புதன்கிழமை. நியூயார்க் நகரம். காலையிலே நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அலுவலகத்துக்குள் நுழைந்தனர். எழுத்தாளர், செய்தியாளர், மாணவியர் எனப் பலரும் இருந்தனர். நேரே ஆசிரியர் அறை. ஆசிரியர் ஜான் மேக் கார்ட்டர். ஆம், பாக் காலத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்தும், கிட்டத்தட்ட எழுபது இலட்சம் படிகள் விற்கும் அந்த மாதர் இதழின் தலைமை நாற்காலியிலே ஓர் ஆடவர்! பெண்கள் தரையிலும் மேசையிலும் அமர்ந்துவிட்டனர். கையிலே ஒரு மாதிரி இதழ், தாங்களே தயாரித்தது. அட்டையிலே நிறைமாதக் கருப்பிணி ஒருத்தி. அவள் ஏந்திய பலகையிலே, 'ஊதியமில்லா உழைப்பு' என்ற பொருளிலே இரண்டே சொற்கள்.

என்ன கேட்டார்கள் அந்தப் பெண்கள்? ஆசிரியர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆசிரியர் குழுவினரும் பெண்களாக இருக்க வேண்டும். கறுப்பினப் பெண்களுக்கு மக்கள்தொகைக்கேற்ற இடம் வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 125 டாலர் ஊதியம் வேண்டும். அலுவலகத்திலேயே குழந்தைகள் காப்பகம் வேண்டும். பெண்ணை இழிவு செய்யும் விளம்பரம் நிற்க வேண்டும். அந்தப் பகுதி, 'இந்த மணவாழ்வைக் காப்பாற்ற இயலுமா?', அது நிற்க வேண்டும்! கூலி, காப்பகம், விளம்பரம், மணவாழ்வு எல்லாம் ஒரே தாளிலே. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி எழுதினார்கள். தனித்தனி மடல் எழுதிய கைகள், ஒரே மனுவிலே கையெழுத்திட்டன!

பதினோரு மணி நேரம். காவலரை அழைக்காமல் பொறுமை காத்தார் கார்ட்டர்; அதை அவர் பெயரிலே வரவு வைப்போம். ஒரு கட்டத்திலே, சினம் மீறிய பெண் ஒருவர் ஆசிரியரின் மேசை மீது பாய, தோழியரே பிடித்து நிறுத்தினர். மாலையிலே உடன்பாடு வந்தது. என்ன கிடைத்தது? ஆசிரியர் பதவி? இல்லை. பகுதி நின்றதா? இல்லை. ஆகஸ்ட் இதழிலே எட்டுப் பக்கம்; அதற்கு 10,000 டாலர்; காப்பகம் பற்றி எண்ணிப் பார்ப்பதாக ஒரு சொல். எட்டே பக்கம்!

இதற்கா பதினோரு மணி நேரம் என்று அன்றே ஏசியவர்கள் உண்டு, போராடிய பெண்களுக்குள்ளேயே. என் கணிப்பு வேறு. எழுபது இலட்சம் வீடுகளுக்குச் செல்லும் தாளிலே, ஆலோசகரின் இடையீடின்றிப் பெண்களே எழுதிய எட்டுப் பக்கம் எழுபது இலட்சம் துண்டறிக்கைக்குச் சமம். துண்டறிக்கை அச்சிட்டுக் கட்டுக் கட்டாகச் சுமந்த நமக்கு அதன் அருமை தெரிய வேண்டும். சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் வாழ்வைப் பேசுவது எப்படி என்று அந்தப் பக்கங்களிலே விளக்கினர். அதைப் படித்த பெண், அடுத்த வீட்டுக்காரியைப் போட்டியாளாகப் பார்க்காமல் பேசிப் பார்க்க ஒரு வழி பிறந்தது. ஆதரித்தும் திட்டியும் மடல்கள் குவிந்தன. அந்த நாள் தம் எண்ணத்தை மாற்றிற்று என்று கார்ட்டரே பின்னாளில் ஒப்பினார். 1973-இலே அவர் விலகியதும் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர் லெனோர் ஹெர்ஷி, ஒரு பெண்மணி.

நாற்காலி பெண்ணுடையதாயிற்று, கணக்குப் புத்தகம்? அதற்கு மற்றோர் இதழின் கதை சான்று. குளோரியா ஸ்டைனமும் தோழியரும் 1972-இலே 'மிஸ்' என்னும் இதழைத் தொடங்கினர். ஆசிரியர் பெண், உரிமைக் குரல், எல்லாம் சரி. ஆனால் விளம்பரத்துக்குப் படியேறிய கதையை 1990-இலே ஸ்டைனம் விரிவாக எழுதினார். சோவியத் நாட்டிலே பெண்ணுரிமை பற்றி மறைவாக ஏடு நடத்தியதற்காக நாடு கடத்தப்பட்ட நான்கு பெண்களின் படத்தை அட்டையிலே போட்டார்கள். அதற்குப் பரிசும் கிடைத்தது. 'ரெவ்லான்' என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனமோ விளம்பரம் தர மறுத்துவிட்டது. ஏன்? அட்டையிலே இருந்த அந்தப் பெண்கள் முகப்பூச்சுப் பூசியிருக்கவில்லையாம்! அமெரிக்கா கொண்டாட வேண்டிய செய்தி. பனிப்போர்க் காலம் வேறு. ஆயினும் உதட்டுச் சாயத்தின் முன் உலக அரசியலும் தோற்றது. சவர்க்கார நிறுவனம் ஒன்று, கருக்கலைப்புப் பற்றியோ துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியோ கட்டுரை வரும் இதழிலே தன் விளம்பரம் வரலாகாது என்று நிபந்தனையே வைத்திருந்தது. கடைசியிலே, விளம்பரமே வேண்டாமென்று, வாசகியர் தரும் காசை மட்டும் நம்பி, அந்த 1990-இலேயே புதுப்பிறவி எடுத்தது 'மிஸ்'.

நம் பெண்கள் இன்று தாளைவிடக் கையடக்கத் திரையிலேதான் மிகுதியும் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள். சமையல், ஒப்பனை, கணவனைப் புரிந்துகொள்வது எப்படி என்பதெல்லாம் நொடிக்கு நொடி அங்கே ஓடுகின்றன. அதற்கும் காசு கொடுப்பவர் யார் என்ற கேள்வியைத் தோழியர் கேட்டுப் பார்க்கலாம். நம் தோழர்களும், மேடையிலே சமத்துவம் முழங்கிவிட்டு வீடு திரும்பி, "காப்பி எங்கே?" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுக்கும்போது, அந்தக் குரல் எந்த இதழிலே கற்றது என்று எண்ணிப் பார்க்கலாம். (நகைக்கிறீர்கள், தாய்மார்கள் பக்கம்தான் நகைப்பு அதிகம் கேட்கிறது!)

'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மணவாழ்வைக் காப்பாற்றும் அந்தப் பகுதி, போராட்டத்துக்குப் பிறகும் பல்லாண்டு நீடித்தது. தொனி மாறிற்று, அடிக்கும் கணவனைவிட்டு வெளியேறு என்று சொல்லவும் கற்றுக்கொண்டது. இதழ், 131 ஆண்டு நடந்து, 2014-இலே திங்கள் இதழாக வருவதை நிறுத்திற்று. வாங்குவோர் இல்லாமற் போனார்களோ? இல்லை, தோழர்களே! நிறுத்திய அந்த நாளிலும் அதன் படிகள் 30 இலட்சத்துக்கு மேல் சென்றுகொண்டிருந்தன. வாசகியரிலே பெரும்பாலோர் ஐம்பது கடந்தவர்கள். விளம்பரக்காரருக்கு இளையவர்கள் தேவைப்பட்டனர்.